641 கிடைத்த வழி: ஐந்தாம் ஃபெர்மா எண்ணின் வரலாறு

1640-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா, தம் நண்பர் ஃபிரெனிக்கிளுக்கு எழுதிய கடிதத்தில் ஓர் ஊகத்தை முன்வைத்தார். 2-இன் அடுக்குகளாக 1, 2, 4, 8, 16, 32 என இரட்டித்துச் செல்லும் எண்களை எடுத்து, வரும் மதிப்போடு 1 கூட்டினால் எப்போதும் பகா எண்ணே கிடைக்கும் என்பது அவர் நம்பிக்கை. தம்மிடம் நிறுவல் இல்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. 3, 5, 17, 257, 65,537 ஆகியவை பகா எண்களே. அடுத்தது 2³² + 1, அதாவது 4,29,49,67,297. வரிசையைச் சுழியத்திலிருந்து எண்ணுவது மரபாதலால் இதற்கு ஐந்தாம் ஃபெர்மா எண் என்று பெயர்.

ஏறத்தாழ 90 ஆண்டுகள் இந்த ஊகத்தை யாரும் அசைக்கவில்லை. 1729 டிசம்பரில் கோல்ட்பாக் கடிதம் வழியே இதை இளைஞர் ஆய்லரின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். 1732-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அகாதெமியில் அளித்த கட்டுரையில், இவ்வெண் 641-ஆல் வகுபடும் என்று ஆய்லர் அறிவித்தார்: 641 × 67,00,417. அதை எப்படிக் கண்டார் என்று அங்கே விளக்கவில்லை. 641 என்பது 116ஆவது பகா எண். 2-இலிருந்து வரிசையாக வகுத்துப் பார்த்தும் அதை எட்டியிருக்கலாம். ஆய்லரின் கணக்கிடும் ஆற்றலுக்குச் சான்றாகவே இந்நிகழ்வு பெரும்பாலும் சொல்லப்படுகிறது. 1750-இல் அச்சான அவருடைய இன்னொரு கட்டுரையைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். காரணிகளைத் தேட வேண்டிய இடம் எது என்பதற்கான காரணம் அங்கேதான் இருக்கிறது.

p என்னும் பகா எண் 2³² + 1-ஐ வகுக்கிறது எனக் கொள்வோம். அப்போது 2³²-ஐ p-ஆல் வகுத்தால் மீதி −1. அதை வர்க்கப்படுத்தினால், 2⁶⁴-க்கு மீதி 1. மீதி 1 தரும் மிகச் சிறிய அடுக்கு 64 என்பதும் இதிலிருந்தே வரும். 2-இன் (p − 1)ஆம் அடுக்குக்கும் மீதி 1 என்கிறது ஃபெர்மாவின் தேற்றம். ஆகவே 64, p − 1-ஐ வகுத்தே தீர வேண்டும். p, 64k + 1 வடிவில் மட்டுமே இருக்க முடியும். இவ்வடிவப் பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது வகுத்தலில் விடை வந்துவிடுகிறது!

இந்தத் தேற்றத்தை ஃபெர்மா அதே 1640 அக்டோபரில் அதே ஃபிரெனிக்கிளுக்கு எழுதியிருந்தார். அதற்குச் சில மாதங்கள் முன்பு, இதே போன்ற கட்டுப்பாட்டைக் கொண்டு 2³⁷ − 1-க்கு 223 ஒரு காரணி என்று கண்டறிந்தும் இருந்தார். இத்தனையும் கைவசம் இருந்தவர் ஐந்து வகுத்தல்களைச் செய்து பார்க்காமல் விட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. வகுத்தலில் எங்கோ பிழை நேர்ந்திருக்க வேண்டும் என்றே கருதுகிறேன்.

வகுத்தலே இல்லாத நிறுவலும் பின்னாளில் வந்தது. 641 = 5 × 2⁷ + 1; 641 = 5⁴ + 2⁴. முதல் சமன்பாட்டின்படி 5 × 2⁷-க்கு மீதி −1; அதன் நான்காம் அடுக்கான 5⁴ × 2²⁸-க்கு மீதி 1. இரண்டாவதன்படி 5⁴-க்குப் பதில் −2⁴ இடலாம். எனவே −2³²-க்கு மீதி 1. 2³² + 1 மீதியின்றி வகுபடுகிறது. இவ்வளவு பெரிய எண்ணை ஓரிடத்திலும் விரித்து எழுதத் தேவையில்லை.

1878-இல் லூக்கா, காரணியின் வடிவத்தை 128k + 1 என்று மேலும் இறுக்கினார். 193, 449, 577 மூன்றும் விலகின. 257-க்கு அடுத்த முயற்சியே 641. ஆறாம் ஃபெர்மா எண்ணுக்கு இந்த வடிவம் 256k + 1 ஆகிறது. 1880-இல் லாண்ட்ரி கண்ட அதன் காரணி 2,74,177, அதாவது 256 × 1,071 + 1. 65,537-க்குப் பிறகு இன்னொரு ஃபெர்மா பகா எண் இன்றுவரை கிடைக்கவில்லை.