கையொப்பம் யாருடையது

சிங்கம்புணரியை அடுத்த பிரான்மலையைப் பாரியின் பறம்பு என்பது வழக்கு. பாரி இறந்தபின் கபிலர் வடக்கிருந்து உயிர்விட்டார் என்கிறது மரபு. திருக்கோவிலூர்க் கல்வெட்டோ தீப்புகுந்தார் என்கிறது. எதுவானாலும் முடிவு அவருடையது. செஞ்சிக்கருகே திருநாதர்குன்றில் 57 நாள் உண்ணாதிருந்து இறந்த சமண முனிவர் சந்திரநந்தியும் அப்படியே. இந்தச் சாவுகளில் வைத்தியனுக்கு வேலை இல்லை.

தலைக்கூத்தலிலும் அவன் இல்லை. விருதுநகர்ப் பக்கம், படுக்கையில் விழுந்த முதியவருக்கு விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளிர்ந்த நீரூற்றி, இளநீரை நிறையப் புகட்டுவார்கள். ஜுரம் கண்டு ஓரிரு நாளில் முடிந்துவிடும். இதையும் வடக்கிருத்தலையும் ஒன்றாகக் கட்டித் 'தமிழர் மரபு' என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இங்கே கிழவரை யாரும் கேட்பதில்லை.

வைத்தியன் உள்ளே வரும்போது பிரச்னை வேறு உருக்கொள்கிறது. நெதர்லாந்தில் 1971இல் டாக்டர் போஸ்ட்மா தன் தாய்க்கு மார்ஃபின் செலுத்தி உயிரை முடித்தார். 1973இல் நீதிமன்றம் விதித்தது ஒரு வாரச் சிறை, அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது. தாங்களும் இப்படிச் செய்ததுண்டு என்று வேறு மருத்துவர்கள் கையொப்பமிட்டு நீதி அமைச்சருக்கு எழுதினார்கள். 2002இல் அது சட்டமாயிற்று. பக்கத்து ஜெர்மனியிலோ, 1939க்குப் பின் கருணையின் பெயரால் மருத்துவர்கள் படிவங்களில் சிவப்புப் பென்சிலால் கூட்டல் குறியிட்டார்கள். 1941 ஆகஸ்டுக்குள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் விஷவாயுவில் மாண்டார்கள். அங்கே மருத்துவர்கள் அந்தச் சொல்லையே தவிர்த்து வேறு சொல் வைத்துக்கொண்டதை வெறும் மதப்பற்று என்று விளக்கிவிட முடியாது.

நம்மிடம்? பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் 1973இல் தாக்கப்பட்டு நினைவிழந்த நர்ஸ் அருணா ஷான்பாகை அங்குள்ள நர்சுகளே 42 ஆண்டு பராமரித்தார்கள். அவரைச் சாகவிடச் சம்மதிக்கவில்லை. அவர் விஷயத்தில் 2011இல் மறுத்த உச்ச நீதிமன்றம், அதே தீர்ப்பில் சிகிச்சையை நிறுத்துவதற்குக் கதவையும் திறந்தது. 2018இல் முன்கூட்டிய உயிலும் செல்லும் என்றாயிற்று. 2023இல் நடைமுறை எளிதாக்கப்பட்டது. ஊசி போட்டு முடிப்பது இன்றும் குற்றமே.

ஆனால் உயில் எழுதியவர் யார்? நம் டாக்டர் சாவுக்கு அஞ்சுகிறவர் அல்ல. தன் பெயர் காகிதத்தில் ஏறுவதற்கு அஞ்சுகிறார். "இனி ஒண்ணும் இல்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்க" என்பார் வாய்வார்த்தையாக. படிவம் வேறு சொல்லும்: மருத்துவர் ஆலோசனைக்கு மாறாக, எங்கள் பொறுப்பில் அழைத்துச் செல்கிறோம் என்று. கீழே மகன் கையெழுத்திடுவான். உயிர் வீட்டில் போகவேண்டும் என்ற நம் ஆசை இதற்குத் தோதாக அமைந்துவிட்டது. மதுரையிலிருந்து ஆம்புலன்ஸ் வந்து வாசலில் நிற்கும். பிராணவாயுக் குழாயைக் கழற்றுகிறவன், பல வேளைகளில், டிரைவரோடு வந்த பையன்.