மருந்தும் பிரசாவுரிமையும்: மலையக அனுபவம் குறித்து ஒரு வரலாற்று நோக்கு

மருந்தின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எந்த ஆண்டில் எந்த மருந்து கண்டறியப்பட்டது, கண்டறிந்தவர் யார் என்பன அதில் இடம்பெறும். அம்மருந்து யாரைச் சென்றடைந்தது, யாரைச் சென்றடையவில்லை என்ற வினா அரிதாகவே எழுப்பப்படும். பிறநாட்டில் வாழும் ஒருவர், அல்லது தாம் பிறந்த நாட்டிலேயே பிறநாட்டவராகச் சட்டத்தால் ஆக்கப்பட்ட ஒருவர், உயிர்காக்கும் மருந்தைத் தம் சக்திக்குட்பட்ட விலையில் பெறுவது எவ்வாறு? எச்.ஐ.வி. மருந்துகள் தொடர்பாக உலகெங்கும் எழுந்துள்ள இவ்வினாவை நுவரெலியா, ஹட்டன் பகுதித் தேயிலைத் தோட்டங்களின் வரலாற்றோடு பொருத்தி நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலையகத்திற்கு நவீன மருந்து வந்த முறையை முதலில் நோக்குவோம். கோப்பித் தோட்டக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து புறப்பட்ட தொழிலாளர் மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கிக் காட்டுவழியே நடந்துவந்தனர். கொலராவுக்கும் பெரியம்மைக்கும் வழியிலேயே பலியானோர் பலர். 1872 ஆம் ஆண்டிலே தோட்டப் பகுதிகளின் மருத்துவத் தேவைகளுக்கென ஒரு கட்டளைச்சட்டம் இயற்றப்பட்டது. 1912 ஆம் ஆண்டுச் சட்டங்கள் தொழிலாளரின் மருத்துவப் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின்மீது சுமத்தின. மண்டபம் முகாமில் தொழிலாளர் தடுத்துவைக்கப்பட்டு, பரிசோதிக்கப்பட்டு, அம்மை குத்தப்பட்ட பின்னரே கடல் கடக்க அனுமதிக்கப்பட்டனர். 1916 இல் றொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியோடு கொளுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தோட்டங்களிலே தொடங்கிற்று. இரத்தசோகையுற்ற உடல் போதிய அளவு கொழுந்து பறிக்காது என்பதைத் தோட்டத்துரைமார் அறிந்திருந்தனர்.

அயற்கிராமங்களுக்கு முன்னரே தோட்டங்களில் மருந்தகம் இருந்ததே எனச் சிலர் வாதிப்பர். அது உண்மையே. ஆயின் அம்மருந்து எந்த உறவின் வழியாக வழங்கப்பட்டது என்பதே இங்கு மனங்கொளத்தக்கது. அது மனிதருக்கு உரியதாக அன்றி, உழைப்புச் சக்தியைப் பேணும் செலவாகவே வழங்கப்பட்டது. பேர் பதிந்த தொழிலாளியின் நோய்க்கு மருந்து உண்டு. பேர் வெட்டப்பட்டால் லயன் காம்பராவோடு மருந்தும் போயிற்று. மருந்தின் திறவுகோல் துரையின் கையிலேயே இருந்தது.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களுள் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கிற்று. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் பறிக்கப்பட்டது. 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றிருந்தது. 1952 இல் ஒன்றுகூட இல்லை. இதே காலத்தில்தான், 1951 இல், அரச வைத்தியசாலைகளிற் கட்டணம் நீக்கப்பட்டு இலவச மருத்துவம் நாடெங்கும் நிலைபெற்றது என்பதைக் கவனித்தல் வேண்டும். வைத்தியசாலை வேண்டுமெனப் பாராளுமன்றத்திற் குரலெழுப்பும் வாய்ப்புக் கிராமத்து விவசாயிக்கு இருந்தது. தோட்டத் தொழிலாளிக்கு இருக்கவில்லை. அரச வைத்தியசாலையின் கதவைச் சட்டம் அவருக்கு நேரடியாக மூடவில்லை. ஆயினும் மருத்துவம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு என்ற பழைய ஏற்பாடு தொடர்ந்தமையால், தேசிய சுகாதார அமைப்பு தோட்டத்து எல்லையோடு பெரும்பாலும் நின்றுவிட்டது. நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு மலைப்பாதைத் தூரமும் ஒருநாட் சம்பள இழப்பும் விலையாயின.

மருந்து விலைக்கெதிரான போராட்டத்தில் இலங்கை ஒரு காலத்தில் மூன்றாம் உலகிற்கே முன்னோடியாக விளங்கியது. பேராசிரியர் சேனக பிபிலெயும் கம்யூனிஸ்ட் தலைவர் வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் 1971 இல் சமர்ப்பித்த அறிக்கையின் அடிப்படையில் அரச மருந்துக் கூட்டுத்தாபனம் உருவாயிற்று. தனியார் துறையில் இறக்குமதியான ஏறத்தாழ 2,100 மருந்துகள் சுமார் 600 ஆகக் குறைக்கப்பட்டன. வணிகப் பெயருக்குப் பதிலாக மருந்தின் பொதுப்பெயர் முன்வைக்கப்பட்டது. உலகச் சந்தையிற் கேள்விப்பத்திரம் கோரி மலிவாக வாங்கும் முறை தொடங்கியது. கொலரா பரவியிருந்த வேளையிலே, கூட்டுத்தாபனம் தருவித்த மூலப்பொருளைக் கொண்டு தெற்றாசைக்கிளின் குளிசை தயாரிக்கப் பல்தேசியக் கம்பனியொன்று மறுத்தது. அதனைப் பொறுப்பேற்க முனைந்த அரசுமீது அமெரிக்கத் தூதரகத்தின் நெருக்குதல் வந்தது. 1977 ஆம் ஆண்டு ஆட்சிமாற்றத்தோடு இக்கொள்கை தளர்த்தப்பட்டது. அவ்வாண்டிலேயே பிபிலெ கயானாவிற் காலமானார்.

ஆயின், மலிவு மருந்துக் கொள்கை உச்சத்தில் இருந்த அதே ஆண்டுகளில் மலையகத்தில் நிகழ்ந்தது யாது? 1973, 1974 ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களிலே பட்டினிச் சாவு நிகழ்ந்தது. தோட்டத் துறையின் இறப்பு விகிதம் திடீரென உயர்ந்தது. கொழும்புத் துறைமுகத்தில் மருந்து மலிந்திருந்தது. லயத்தில் வயிற்றோட்டத்தாற் குழந்தைகள் மடிந்தன. அன்றைய கூட்டரசில் இடதுசாரிகள் அமைச்சர்களாக இருந்தனர். மருந்துக் கம்பனிகளின் ஏகபோகத்தை இனங்கண்ட அவர்கள், நாட்டின் ஏற்றுமதி வருவாயின் பெரும்பகுதியை ஈட்டித்தந்த பாட்டாளிகளின் நாடற்ற நிலையைத் தீர்க்கவில்லை. 1964 ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டிருந்தது. எஞ்சிய 1,50,000 பேரும் 1974 இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். இது நாம் சொல்லத் தயங்கலாகாத ஒரு சுயவிமர்சனம்.

எச்.ஐ.வி. மருந்தின் வரலாறு இதே முரண்பாட்டை உலக அளவிற் காட்டுகின்றது. 1987 இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற முதல் மருந்துக்கு ஓராண்டுச் செலவு ஏறத்தாழ 10,000 டொலர். 1970 ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை வழங்காது, செய்முறைக்கு மட்டுமே வழங்கிற்று. அதனாற் பிறர் கண்டறிந்த மருந்தை மாற்றுச் செய்முறையில் ஆக்க இந்தியக் கம்பனிகளால் இயன்றது. 2001 இல் சிப்லா நிறுவனம் மும்மருந்துக் கூட்டை ஆண்டுக்கு 350 டொலருக்குத் தர முன்வந்தது. அவ்வாண்டிலேயே தென்னாபிரிக்க அரசுக்கெதிரான வழக்கை மருந்துக் கம்பனிகள் மீளப்பெற்றன. பொதுச் சுகாதாரம் பற்றிய டோகா பிரகடனமும் வெளியாயிற்று. 2004 ஆம் ஆண்டில், தாம்பரம் உள்ளிட்ட இந்திய அரச மருத்துவமனைகளிலும், பின்னர் இலங்கையிலும் இம்மருந்து இலவசமாயிற்று. பிபிலெ கண்ட வழியின் வெற்றி என இதனைக் கொள்ளலாம்.

எனினும், விலை வீழ்ந்தபின் எஞ்சிநிற்கும் தடையை மலையக மக்களின் இன்றைய வாழ்விற் காணலாம். தோட்ட வருமானம் போதாமையால் ஹட்டன், தலவாக்கலைப் பகுதிகளிலிருந்து பெண்கள் வளைகுடா நாடுகளுக்கு வீட்டுப் பணிக்காகச் செல்கின்றனர். அந்நாடுகள் வேலை விசாவுக்கு எச்.ஐ.வி. பரிசோதனையைக் கட்டாயமாக்கியுள்ளன. தொற்று இருப்பின் விசா இல்லை. சென்றபின் கண்டறியப்பட்டால் நாடுகடத்தல். பிறநாட்டில் வாழும் தொழிலாளியிடம் பரிசோதனை வந்துசேர்கிறது, சிகிச்சை வருவதில்லை. நாடு திரும்பிய பின் அதே மருந்து அவருக்கு இலவசமாகக் கிடைக்கின்றது. மருந்தும் மாறவில்லை, உடலும் மாறவில்லை. மாறியது அவர் நிற்கும் உரிமைநிலை மட்டுமே. மண்டபத்தில் அன்று பாட்டன் உடலைப் பார்த்த கண்ணும் இன்று பேத்தியின் இரத்தத்தைப் பார்க்கும் கண்ணும் ஒன்றே: உழைக்கத் தக்கதா என்பதே இரண்டின் கேள்வியும்.

2003 ஆம் ஆண்டின் சட்டத்தோடு இலங்கையில் வாழும் மலையக மக்களின் நாடற்ற நிலை சட்டரீதியாகப் பெரும்பாலும் முடிவுற்றது. ஆயினும் போரால் இடம்பெயர்ந்து தமிழ்நாட்டு முகாம்களில் வாழ்வோருள் எந்நாட்டுப் பிரசாவுரிமையுமற்ற மலையக வழியினர் உள்ளனர். 1990களில் தொடங்கிய தோட்ட வைத்தியசாலைகளின் அரச பொறுப்பேற்பும் முழுமையுறவில்லை.

இவற்றை ஒருங்கே நோக்கின் ஒரு முடிவு பெறப்படுகின்றது. மருந்தின் விலையைக் குறைக்கும் போராட்டமும், அதனைப் பெறுவோரின் உரிமையை நிலைநாட்டும் போராட்டமும் பிரிக்கமுடியாதவை. முன்னதின்றிப் பின்னது வெறுங்கடதாசி. பின்னதின்றி முன்னது, பூட்டிய களஞ்சியத்தில் மலிந்துகிடக்கும் சரக்கு. உழைப்பை எல்லை கடந்து வாங்கும் உலகம், உழைப்பவரின் நோயை மட்டும் எல்லைக்கு அப்பால் திருப்பி அனுப்புவது இயற்கை நியதி அன்று. அது மனிதர் வகுத்த ஏற்பாடு. ஆதலால் மனிதரால் மாற்றப்படக்கூடியது. மலையகத்தின் நூற்றைம்பது ஆண்டு மருத்துவ வரலாறு நமக்கு உணர்த்துவது இதுவே.