நாட்காட்டி தொங்கிய ஆணி

எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய மீனவர் குடியிருப்பு நெட்டுக்குப்பம். அங்கே ஆண்டு முழுதும் படமெடுக்கும் ஒளிப்படக் குழு ஒன்றோடு நமக்குப் பழக்கமுண்டு. எடுத்தவற்றுள் பன்னிரண்டைத் தேர்ந்து, திங்களுக்கு ஒன்றாக நாட்காட்டி அச்சிடுவதும், படத்தில் இருப்போர் வீடுகளுக்குச் சில படிகளைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவர்கள் வழக்கம். இவ்வாண்டு அச்சுச் செலவைத் தாங்க இயலாமல் மின்வடிவில் மட்டும் அனுப்பினர். நம் அலைபேசிக்கும் வந்தது, நன்றாகவே இருந்தது. பின்னர் ஒருநாள் குப்பத்திற்குச் சென்றபோது, வலையைச் சரிசெய்துகொண்டிருந்த முதியவர் ஒருவர், "போன வருசத்துது இன்னும் ஆணியிலயே தொங்குது சார். புதுசு எப்ப வரும்?" என்று வினவினார். புதிய நாட்காட்டியின் மார்ச்சு மாதப் படத்தில் இருப்பவர் அவரே. அவர் வைத்திருப்பது பொத்தான் அலைபேசி. நம்மிடம் விடையில்லை.

ஒளிப்படத்தை அச்சிட்டுப் பரப்புவதா, செலவைக் கருதிக் கைவிடுவதா என்னும் வினா சென்னைக்குப் புதிதன்று. சென்னை ஒளிப்படச் சங்கம் தொடங்கிய 1850களிலேயே அது எழுந்துவிட்டது. அக்காலத்தில் சென்னை அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பட்டவர் லின்னேயஸ் டிரைப். காகித எதிர்ப்படிகளைக் கொண்டு 1858இல் திருவரங்கம், மதுரை, தஞ்சை ஆகிய ஊர்களைப் படமாக்கினார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 எதிர்ப்படிகளில் எடுத்து, 19 அடிக்கும் மேல் நீளும் ஒரே படமாக ஒட்டிச் சேர்த்தார். ஆனால் புதிய ஆளுநராக வந்த சார்லசு டிரெவெலியன், அரசின் நிதிநிலைக்கு ஒவ்வாத ஆடம்பரம் என்று அப்பணியை நிறுத்திவிட்டார். பணி நின்றது, அச்சான படிகள் நின்றுபோகவில்லை. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 2014-15இல் வாசிங்டனிலும் நியூயார்க்கிலும் இலண்டனிலும் அவை காட்சிக்கு வைக்கப்பட்டன. எனினும், அந்தக் கோயில்களின் வாயிலில் அன்று வாழ்ந்த எளியவர் வீட்டுச் சுவருக்கு அவற்றில் எது வந்திருக்கும்? படம் நிலைபெறுவது ஒன்று. படமானவரிடம் திரும்புவது வேறொன்று.

எளியவர் வீட்டுச் சுவருக்குப் படத்தைக் கொண்டுவந்த பெருமை நாட்காட்டிக்கு உரியது. தீப்பெட்டித் தொழிலுக்கு முகப்புச் சீட்டுகள் தேவைப்பட்டதால் சிவகாசியில் அச்சுத் தொழில் வளர்ந்தது. கோவில்பட்டி சி. கொண்டையராஜு (1898-1976) தீட்டிய தெய்வ உருவங்கள் அவ்வச்சகங்களின் வழியே தமிழகம் எங்கும் பரவின. இன்றும் ஆடிப்பெருக்கன்று மறு ஆண்டுக்கான மாதிரித் தொகுப்புகளை அங்கே வெளியிடுகின்றனர். மளிகைக் கடையும் நகைக்கடையும் தத்தம் பெயரை அடியில் பொறித்து இலவசமாகக் கொடுத்தமையால், படத்திற்கெனக் காசு செலவிட இயலாத வீட்டிலும் ஒரு படம் ஏறியது. ஆண்டு முடிந்ததும் தேதிப் பகுதியைக் கத்தரித்துவிட்டுப் படத்திற்குச் சட்டம் போட்டு மாட்டிய வீடுகள் பல. நாள் கழிந்தபின்னும் படம் நின்றது.

அவ்வழக்கத்திற்கு அரசே ஒரு திருப்பம் தந்தது. 2020 செப்டம்பரில் நடுவண் நிதியமைச்சகம், அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் வங்கிகளும் இனி நாட்காட்டி, நாட்குறிப்பு முதலியவற்றை அச்சிட வேண்டா, மின்வடிவுக்கு மாறுக என ஆணையிட்டது. 2021 சனவரியில் அரசின் நாட்காட்டியே செயலியாக வெளிவந்தது. சிக்கனம் என்ற அளவில் அதைக் குறைகூற இயலாது. நம் நண்பர்கள் செய்ததும் அதுவே.

மின்வடிவின் பயனை நெட்டுக்குப்பத்தில் நின்றே உணரலாம். 2017 சனவரி 28இல் காமராசர் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதிக் கடற்கரையெங்கும் எண்ணெய் படிந்தது. இளைஞர்கள் வாளியால் அதை அள்ளிய காட்சியை உலகுக்குக் காட்டியவை அலைபேசிப் படங்கள். 2023 திசம்பரில் மிக்சாம் புயல் மழையின்போது மணலிப் பக்கத்திலிருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய், முகத்துவாரப் பகுதிப் படகுகளிலும் வலைகளிலும் அப்பியபோதும் அவ்வாறே. வெள்ளம் புகுந்த வீட்டில் காகிதம் தப்பாது. தொலைவில் சேமித்த படம் தப்பும். 1970 முதல் 2017 வரை இயங்கிய எண்ணூர் அனல்மின் நிலையத்தைப் பின்னணியாகக் கொண்ட பழைய படங்கள் இன்று சான்றுகள். அவற்றைக் காக்கவும் தேடி எடுக்கவும் மின்வடிவம் உதவும் என்பதில் ஐயமில்லை.

ஆனால் சான்று யாருக்கு? ஊரார் முகத்தை நாம் எடுத்துச் சென்று, நமக்குள்ளேயே பகிர்ந்து, நமக்குள்ளேயே பாராட்டிக்கொண்டால், டிரைப்பின் காலத்திலிருந்து நாம் ஓரடியும் நகரவில்லை. அச்சுப்படிகளோடு அக்குப்பத்துக்குச் சென்றபோது, குழுவினர் அறியாமலே ஒரு கடனைத் தீர்த்துக்கொண்டிருந்தனர். செலவு மிச்சமான இவ்வாண்டில் அக்கடன் நிலுவையில் நிற்கிறது.

இதைக் குழுவில் எடுத்துரைத்தோம். ஆயிரம் படிகள் அச்சிட வேண்டா. உலகுக்கு மின்வடிவம் போதும். படத்தில் இருப்பவர் வீட்டுக்கு ஒன்று என்று பன்னிரண்டு படிகள் போதுமே என்றோம். சிறு விவாதத்தின்பின் ஏற்றனர். முதற்படியை அம்முதியவரிடம் கொடுத்தோம். மார்ச்சு மாதத்தைத் திருப்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பழையதைக் கழற்றிப் பரண்மேல் பத்திரப்படுத்திவிட்டு, அதே ஆணியில் புதியதை மாட்டினார்.