பேர் போடாத படங்கள்

1979 ஆகஸ்ட் மாதம். ஊவாவின் தேயிலைப் பருவத்தைப் பற்றி எழுதி வரும்படி ஆசிரியர் என்னையும் ஒரு படப்பிடிப்பாளரையும் பதுளைக்கு அனுப்பினார். ஜூலை முதல் செப்டெம்பர் வரை அங்கே வீசும் வறண்ட காற்று கொழுந்துக்குத் தனி மணத்தைக் கொடுக்கும். உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்கு இருக்கும் மதிப்பு அந்தச் சில வாரங்களில் கிடைப்பது. நமுனுகுல என்ற பெயருக்கு ஒன்பது சிகரங்கள் என்று பொருள் சொல்வார்கள். 2,036 மீற்றர் உயரமுள்ள அந்த மலையின் சரிவில், ஒரு தோட்டத்தில் நாங்கள் இறங்கினோம்.

கொழுந்து மலையில் ஒரு நடுவயதுப் பெண் எங்கள் கண்ணில் பட்டார். இடுப்பில் படங்கு, நெற்றியில் கயிறு, முதுகில் கூடை. படப்பிடிப்பாளர் சிரிக்கச் சொன்னார். அவர் சிரிக்கவில்லை. நேராகப் பார்த்தார். படம் நன்றாக வந்தது. ஞாயிறு இதழின் முதற் பக்கத்தில் நான்கு பத்தி அகலத்தில் வெளியாயிற்று. படத்தின் கீழே வரி எழுதியவன் நான். "நமுனுகுலச் சாரலில் கொழுந்து கொய்யும் மங்கை" என்று எழுதினேன். அதே பக்கத்தில் அமைச்சர் ஒருவர் நாடா வெட்டிய படமும் இருந்தது. அதன் கீழே இடமிருந்து வலமாக ஏழு பெயர்கள். ஏழையும் சரிபார்த்தவனும் நான்தான். அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இது என் ஒருவனுடைய கவனக்குறைவு என்று பல ஆண்டுகள் எண்ணியிருந்தேன். வரலாற்றைப் புரட்டியபோதுதான் இதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட மரபு உண்டு என்பது தெரிந்தது.

முகப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவர் ஜூலியா மார்கரெட் கமரன். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 48ஆவது வயதில் மகளும் மருமகனும் பரிசளித்த கமெராவோடு தொழிலைத் தொடங்கினார். டென்னிசன், டார்வின், கார்லைல், வானியல் அறிஞர் ஹெர்ஷல் என்று விக்டோரியா காலத்துப் பெருமக்கள் பலர் அவர் முன் அமர்ந்தனர். இருளிலிருந்து எழும் அந்த முகங்களை இன்றும் உலகம் பார்க்கிறது. ஒவ்வொன்றின் கீழும் பெயர் இருக்கிறது.

அவருடைய கணவர் சார்ள்ஸ் ஹே கமரன் இலங்கை மாணவர்களுக்குப் பாடப்புத்தகத்தில் அறிமுகமானவர். கோல்புறூக்-கமரன் ஆணைக்குழுவின் இரண்டாவது பெயர் அவருடையது. அந்தக் குழுவின் விதப்புரையின் விளைவாக இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியம் ஒழிக்கப்பட்டது. பின்னர் அவர் இலங்கையில் கோப்பித் தோட்டங்களை வாங்கினார். அந்தத் தோட்டங்களை நம்பியே 1875இல் குடும்பம் இங்கிலாந்தை விட்டு இலங்கைக்கு வந்தது.

களுத்துறையில் ஜூலியா மீண்டும் கமெராவை எடுத்தார். இம்முறை அவர் முன் நின்றவர்கள் தொழிலாளரும் பணியாளரும் கிராமத்தவரும். அவர்களுள் தமிழர் பலர். எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவான படங்கள். 1878இல் எடுத்த ஒரு படத்தின் குறிப்பில், அந்தச் சிறுமிக்குப் பன்னிரண்டு வயது என்றும், அருகிலுள்ள முதியவர் தாமே அவளுடைய தந்தை என்றும் தமக்கு நூறு வயது என்றும் கூறுவதாகவும் எழுதப்பட்டுள்ளது. வயதைக் கேட்டிருக்கிறார், உறவைக் கேட்டிருக்கிறார். பெயர் மட்டும் இல்லை. ஆனால் 1877 அளவில் அதே களுத்துறை வீட்டுக்கு விருந்தினராக வந்த ஓவியர் மரியான் நோர்த்தின் படம் பெயரோடு இருக்கிறது.

ஜூலியாவைக் குறை கூற நான் முற்படவில்லை. டார்வினின் முகத்தை நோக்கிய அதே கண்ணால் அவர் அந்த மனிதர்களையும் நோக்கினார் என்பதற்குப் படங்களே சான்று. ஆயினும் பெயர் கேட்கும் பழக்கம் அந்தக் கண்ணோடு வரவில்லை. 1879 ஜனவரியில் அவர் டிக்கோயாப் பகுதியில் காலமானார். பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலயத்தில் அவருக்கும் கணவருக்கும் கல்லறை உண்டு. அதில் பெயர்கள் தெளிவாக வெட்டப்பட்டுள்ளன.

பின்னர் வந்தவர்கள் அந்தக் கண்ணும் இல்லாதவர்கள். கொழும்பிலும் கண்டியிலும் இயங்கிய ஸ்கீன், ஸ்கோவன், பிளாட்டே முதலிய நிலையங்கள் மலைநாட்டுப் படங்களை ஆயிரக்கணக்கில் விற்றன. அவற்றில் 'தமிழ்ப் பெண்', 'கொழுந்து பறிப்பவள்' என்ற வகைப்பெயர்களே தலைப்பு. 1907இல் லண்டனில் வெளிவந்த, இருபதாம் நூற்றாண்டு இலங்கையைப் பற்றிய பெருந்தொகுதியை நூலகத்தில் புரட்டிப் பாருங்கள். துரைமாரும் வணிகரும் பெயரோடும் வரலாற்றோடும் அணிவகுப்பார்கள். அவர்களுடைய தோட்டங்களில் உழைத்தவர்களோ மலை, தொழிற்சாலை, கூடை ஆகியவற்றோடு சேர்ந்த காட்சிப்பொருள்.

அதே காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்திறங்கிய தொழிலாளிக்கு அரசு ஒரு தகர டிக்கட்டைக் கொடுத்தது. மாவட்டத்துக்கு ஓர் எழுத்து, தோட்டத்துக்கு ஓர் எண், ஆளுக்கு ஓர் எண். எந்தத் தோட்டத்துக்குப் போய்ச் சேரவேண்டிய ஆள் என்பதைச் சொல்ல முகமும் தேவைப்படவில்லை, பெயரும் தேவைப்படவில்லை.

ஊவாவிலேயே இதற்கு இன்னோர் எடுத்துக்காட்டு உண்டு. 1890இல் ஹப்புத்தளைக்கு அருகே தம்பேத்தன்ன தோட்டத்தை வாங்கிய தோமஸ் லிப்டனின் முகம், படகோட்டித் தொப்பியோடு, தேயிலைப் பொதிகளில் உலகெங்கும் சென்றது. அவருடைய விளம்பரங்களில் தமிழ்ப் பெண்ணும் இருந்தாள். முதலாளிக்கு முகமும் பெயரும். அவளுக்கு முகம் மட்டும். 1935இல் இலங்கை வெளியிட்ட தபால்முத்திரைத் தொகுதியில் கொழுந்து பறிக்கும் காட்சி ஒன்று வந்தது. அதிலும் ஒரு மூலையில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் இருந்தார்.

இந்த மக்களின் முகத்தையும் பெயரையும் ஒரே தாளில் முதன்முதலாகப் பெருமளவில் சேர்த்தது யார்? எனக்குத் தெரிந்தவரை, அவர்களை அனுப்பிவைக்க விரும்பிய அரசுதான்.

1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸிலிருந்து ஏழு பேர் நாடாளுமன்றம் சென்றனர். அடுத்த ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களை நாடற்றவர்களாக்கிற்று. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் சென்றன. ஏறத்தாழ 1,34,000 பேருக்கே குடியுரிமை கிடைத்தது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மனிதர்களைப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன.

இந்தியா செல்லக் கடவுச்சீட்டு வேண்டும். கடவுச்சீட்டுக்குப் படம் வேண்டும். எழுபதுகளில் பதுளை நகரத்துப் படநிலைய வாசல்களில் நீராடித் திருநீறு பூசிய குடும்பங்கள் காத்திருந்ததை நான் கண்டிருக்கிறேன். வாழ்நாளில் எடுத்த முதற் படம், பிறந்த மண்ணை விட்டுப் போவதற்கான படம். அதை எடுத்துக்கொண்டு தலைமன்னார் நோக்கிப் புறப்பட்ட இரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'.

1972இல் தேசிய அடையாள அட்டை வந்தது. அது குடிமக்களுக்கு மட்டும். ஆகவே கடவுச்சீட்டும் பெறாமல் குடியுரிமையும் பெறாமல் நின்றவர்களிடம் யாரும் படம் கேட்கவில்லை.

அப்படி நின்றவர்களுள் ஒருவரே நாங்கள் படம் எடுத்த அந்தப் பெண். இது எனக்குத் தெரிய இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின. 2003 ஒக்டோபரில், எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் 35ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. அதன் பயனைப் பார்க்க 2004இல் மீண்டும் நமுனுகுலப் பக்கம் போனேன். ஒரு லயக் காம்பராவின் சுவரில், பொலித்தீன் உறைக்குள், பழுத்த பத்திரிகைத் துண்டு ஒன்று தொங்கியது. என் படவரி. அதற்குக் கீழே குமிழ்முனைப் பேனாவால் ஒரு பெயர் எழுதப்பட்டிருந்தது.

"எங்க அம்மாங்க ஐயா. படத்துல பேரு போடல. அதான் நானே எழுதிப்புட்டேன்" என்றார் மகன்.

தாய் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. குடியுரிமை அவரை எட்டவில்லை. அவருக்கு வேறு படமும் இல்லை. ஆண்டுத் திவசத்துக்கு வைக்க ஒரு நல்ல பிரதி கிடைக்குமா என்று மகன் கேட்டார். கொழும்புக்குத் திரும்பித் தேடினேன். பழைய படச்சுருள்கள் எப்போதோ கழிக்கப்பட்டிருந்தன. அமைச்சரின் படம் மட்டும் கோப்பில் இருந்தது.

தோட்டத்துப் பேச்சுவழக்கில் 'பேர்' என்றால் ஒரு நாட்சம்பளம் என்றும் பொருள். கொழுந்து நிறை குறைந்தால் 'அரைப் பேர்' போடுவார்கள். அந்தத் தாய்க்கு வாழ்நாள் முழுவதும் கணக்கப்பிள்ளை செக்ரோலில் பேர் போட்டார். பத்திரிகைக்காரனாகிய நான் அரைப் பேர்கூடப் போடவில்லை.

இது மலையகத்துக்கு மட்டும் உரிய குறையன்று. 1936இல் கலிபோர்னியாவில் டொரதியா லாங் எடுத்த 'இடம்பெயர்ந்த தாய்' படத்தை அறியாதவர் குறைவு. அந்தத் தாய் புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சன் என்பது 1978இல்தான் உலகுக்குத் தெரிந்தது. நாற்பத்திரண்டு ஆண்டுகள் அவர் ஒரு நாட்டின் வறுமைக்கு முகமாக இருந்தார், பெயரில்லாமல்.

பெயர் ஒரு சம்பிரதாயம் என்று யாரேனும் கருதினால், 2014 ஒக்டோபர் 29ஆம் திகதியை நினைவூட்டுகிறேன். பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. முதல் சில நாட்களில் காணாமற்போனோரின் எண்ணிக்கை அறிக்கைக்கு அறிக்கை மாறிக்கொண்டிருந்தது. பலருடைய உடல்கள் கிடைக்கவே இல்லை. லயத்தோடு சுவரும் புதைந்தது, சுவரில் தொங்கிய படங்களும் புதைந்தன.

இன்று எல்லவுக்கும் தெமோதரைப் பாலத்துக்கும் வரும் பயணிகள் கொழுந்து மலையில் நின்று படம் எடுக்கிறார்கள். எவரையும் எடுக்கவேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள். பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் ஒரு பிரதியை அச்சிட்டு அனுப்புங்கள். அந்த வீட்டில் அது ஒன்றே படமாக இருக்கக்கூடும்.

அந்தத் தாயின் பெயரை இங்கே எழுதலாமா என்று கேட்டு வர மறுபடி போனேன். குடும்பம் அங்கே இல்லை. பிள்ளைகள் கொழும்புப் பக்கம் வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். கேளாமல் எழுத எனக்கு உரிமை இல்லை. என் குறிப்பேட்டில் மட்டும், 1979 ஆகஸ்ட் என்ற பக்கத்தில், அந்தப் பெயரை எழுதிவைத்திருக்கிறேன்.