திருமடைப்பள்ளிக் கணக்கு

திருக்கோயில்களில் நிகழும் அறங்களுள் அன்னம்பாலிப்புத் தலையாயது. அதனைத் தொடங்குதற்கு அன்பு ஒன்றே போதும். இடையறாது நடத்துதற்கோ அன்போடு கணக்கும் வேண்டும். முகந்து கொடுக்கும் கைக்கு அளவு தெரியாதாயின், நாளடைவில் அக்கை வெறுங்கையாகும். இதனை நம் முன்னோர் நன்குணர்ந்திருந்தனர் என்பதற்குக் கல்வெட்டுக்கள் சான்று பகர்கின்றன.

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களுக்கு அணித்தாய் விளங்கும் திருவேற்காடு, மூர்க்க நாயனார் அவதரித்த திருத்தலம். அடியார்க்கு அமுதூட்டிய பின்னரே தாம் உண்ணும் நியதி பூண்டவர் அவர். அடியார் தொகை பெருகப் பெருகக் கைப்பொருள் மாண்டது. உடைமைகளை விற்றும் போதவில்லை. பின்னர்த் தாம் கற்றிருந்த சூதினால் பொருளீட்டி அவ்வறத்தை நடத்தினார். வென்ற பொருளைத் தாம் தீண்டாது அமுதாக்குவார் கொள்ளச் செய்து, தாம் கடைப்பந்தியில் இருந்து உண்டார் எனச் சேக்கிழார் பெருமான் அருளுகின்றார். அவர்தம் அன்பின் எல்லையை அளக்க யாம் யார்? ஆயினும், உண்பார் தொகை வளர, வருவாய் வளராது நிற்பின், எத்துணை அன்புடையாரும் இடர்ப்படுவர் என்பது இவ்வரலாற்றால் விளங்கும். நாயனார்க்கு இறைவன் துணைநின்றான். அவர் சென்ற வழி பிறர்க்கு ஆவதன்று.

பிறர்க்கு ஆகும் வழியைப் பிற்காலத்துக் கல்வெட்டுக்களில் காணலாம். முதலாம் இராசராசன் எடுத்து 1010-இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுக்கள், அமுதுபடிக்கு வேண்டும் அரிசி, நெய், பருப்பு, மிளகு, புளி, தயிர், வெற்றிலை, பாக்கு முதலியவற்றைத் தனித்தனியே அளவிட்டு, அவற்றிற்கு ஈடான நெல்லையும் குறிக்கின்றன. அரிசிக்கு அவர்கள் கொண்ட விகிதம் ஐந்துக்கு இரண்டு. அஃதாவது 5 நாழி நெல்லுக்கு 2 நாழி அரிசி. உமியும் தவிடும் போக எஞ்சுவது இவ்வளவே எனக் கண்டு, இழப்பை முன்னரே கணக்கில் சேர்த்தனர். இக்கால ஆலைகளில் 100 கிலோ நெல்லுக்கு ஏறக்குறைய 67 கிலோ அரிசி என்பது நிறுத்தலால் வந்த கணக்கு. முன்னோரது முகத்தலால் வந்தது. இரண்டையும் ஒன்றென மயங்கலாகாது.

அன்று 8 நாழி ஒரு குறுணி. 12 குறுணி ஒரு கலம். 100 அடியார்க்குத் தலைக்கு நாழி அரிசி சமைப்பதாகக் கொள்வோம். அரிசி 100 நாழி. அதற்கு நெல் 250 நாழி, அஃதாவது 2 கலம் 7 குறுணி 2 நாழி. ஆண்டினை 360 நாளாகக் கொள்ளின் 937½ கலம். நாள்தோறும் பதின்மர் மிகுந்து வரின், ஆண்டுக்கு மேலும் 93¾ கலம் வேண்டும். பந்தியில் பத்து இலை என்பது சிறிதாகத் தோன்றும். களஞ்சியத்தில் அது சிறிதன்று. கறியும் நெய்யும் விறகும் சமைப்பார் கூலியும் இதன் மேலன.

உண்பார்க்கு ஏற்ற பங்கினையும் முன்னோர் வரையறுத்தனர். முதலாம் இராசேந்திரன் காலத்தில், இன்றைய விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில் நிகழ்ந்த கல்லூரியில், இளநிலை மாணாக்கர் 270 பேருக்குத் தலைக்கு நாளொன்றுக்கு 6 நாழி நெல்லும், மேல்நிலையினர் 70 பேருக்கு 1 குறுணி 2 நாழி நெல்லும் அளக்கப்பெற்றன. இவ்விரு வகைக்குமே நாளொன்றுக்கு 2,320 நாழி, அஃதாவது 24 கலம் 2 குறுணி நெல் ஆயிற்று.

செலவை அறிந்தபின் அதற்கேற்ற முதலை வைத்தல் முறை. ஒன்பதாம் நூற்றாண்டில் பாண்டியன் வரகுணன், அம்பாசமுத்திரத்துக் கோயில் அமுதுபடிக்கென 290 காசுகளை இளங்கோக்குடிச் சபையாரிடம் ஒப்புவித்தான். முதல் குறையாது நிற்க, காசொன்றுக்கு ஆண்டுக்கு 2 கலமாக 580 கலம் நெல்லைச் சபையார் அளத்தல் வேண்டும். ஈண்டு ஒரு நுட்பம் காண்க. பொலிசை காசாக வாராது நெல்லாக வந்தது. ஆதலின் நெல்லின் விலை ஏறினும் அடியாரது இலையில் அமுது குறையவில்லை.

இக்காலத்துக் கட்டளைகளோ பெரும்பாலும் பணமாகவே வைக்கப்பெறுகின்றன. வட்டி வேறுபடாது நிற்க, அரிசி, பருப்பு, எண்ணெய் விலைகள் ஏறுகின்றன. ஒரு நாள் முழுமைக்கும் போதுமென வைத்த முதல், சில ஆண்டுகளில் ஒரு பந்திக்கும் போதாதாகின்றது. கட்டளைதாரர் பெயர் பலகையில் நிற்கின்றது. அவர் கருதிய அறம் நிற்பதில்லை. தமிழக அரசு 2002-இல் திருக்கோயில்களில் அன்னதானத் திட்டத்தைத் தொடங்கிய பின்னர் உண்பார் தொகை பெருகியிருத்தலின், இக்கணக்கு முன்னினும் இன்றியமையாததாயிற்று.

ஆதலின் அறங்காவலர் மூன்று செயல்களைக் கடைப்பிடித்தல் நலம். தலைக்கு இவ்வளவு என்னும் படியை எழுதி வைத்தல் ஒன்று. ஆண்டுதோறும் அப்படியை அன்றைய விலையால் பெருக்கிக் காண்டல் இரண்டு. வட்டியில் ஒரு கூறினை முதலோடு சேர்த்து வளர்த்தல் மூன்று. புதிதாகக் கட்டளை வைக்க விழையும் அன்பர்க்கும், இத்தொகை இத்தனை இலைக்கு ஆகும் என உண்மையை உரைத்தல் கடன்.

குடமுழுக்கு முடிந்த திருக்கோயிலில் விமானம் பொலிவுற்று விளங்கும். அதனினும் பொலிவு, உச்சிக்காலத்தில் அடுப்பு அணையாத திருமடைப்பள்ளிக்கு உண்டு. கடைப்பந்தியில் வந்தமரும் எளியார்க்கும் முதற்பந்தியின் அளவே கிடைக்குமாறு காக்கும் கணக்கும் சிவத்தொண்டேயாம். அத்தொண்டு எந்நாளும் ஓங்குக.