தேய்க்கக் கூடாத கோடு: ஆவடியின் விஜயந்தா

அம்பத்தூர்ல என் மேசை மேல இப்போ ஒரு ரெசின் டேங்க் நிக்குது. நிஜ வண்டியில் 35-ல் ஒரு பங்கு. பேர் விஜயந்தா, இந்தியாவில் தயாரான முதல் போர் டேங்க். பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்தோடு 1961-ல் ஒப்பந்தம். 1965-ல் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் வண்டி வெளியே வந்தது. எடை சுமார் 39 டன், 105 மி.மீ. பீரங்கி.

ரெசினை சோப்புத் தண்ணியில கழுவணும். ஈரமா வச்சுத்தான் உப்புத்தாள் போடணும், தூசி நுரையீரலுக்கு ஆகாது. டரட்ல மேடா ஓடின கோடுகளை அச்சுப் பிசிறுன்னு நினைச்சுத் தேய்க்கப் போனேன். ஆவடியில வெல்டரா இருந்து ரிட்டயர் ஆன தாத்தா தடுத்துட்டார்: "டேய், அது வெல்டிங்டா!"

சரிதான். அன்று நம்ம ராணுவத்திடம் இருந்த செஞ்சுரியனின் டரட் பெரும்பாலும் வார்ப்பு. விஜயந்தாவோ எஃகுத் தகடுகளைப் பற்றவைத்துக் கட்டியது. டிசைன் விக்கர்ஸுடையது, என்ஜின் லேலண்டுடையது. ஆரம்பத்தில் பாகங்களும் அங்கிருந்துதான் வந்தன. உள்ளூர்ப் பங்கு வருஷா வருஷம் கூடியது. அந்தக் கணக்கு எந்தப் பெயர்ப்பலகையிலும் இல்லை, இந்த மாதிரிக் கோடுகள்ல இருக்கு.

பச்சை பெயிண்ட் காய்ஞ்சதும் கோட்டோரம் மட்டும் கறுப்பை மெல்லிசா ஓட விட்டேன். தாத்தா கண்ணாடியை மாட்டிக்கிட்டுப் பார்த்தார். "கொஞ்சம் கோணல்தான்"னார். "என்னோடதும் முதல்ல அப்படித்தான் இருந்துச்சு."