சிங்கியின் விடைகள்: மேல்நிலைத் தமிழில் ஊடகக் கல்வி

மாநிலப் பாடத்திட்டத்தின் மேல்நிலை வகுப்புகளில் ஊடகக் கல்விக்கு இடமே இல்லை என்று ஒரு சாரார் வாதிட்டு வருகின்றனர். மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தில் வெகுசன ஊடகம் விருப்பப்பாடமாக இருக்க, இங்கே பன்னிரண்டாம் வகுப்பில் 'திரைமொழி', பதினொன்றாம் வகுப்பில் 'இசைத்தமிழர் இருவர்' என உரைநடைகள் சில ஒட்டவைக்கப்பட்டுள்ளன என்பது அவர்கள் குறை. தனிப்பாடம் வேண்டும் என்பதில் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் 'ஊடகம்' என்று தலைப்பிட்ட இடத்தில் மட்டுமே ஊடகக் கல்வியைத் தேடுவது பிழை. இருப்பவற்றுள் வலுவான பாடம், 2018இல் வந்த பதினொன்றாம் வகுப்பு நூலின் குற்றாலக் குறவஞ்சிப் பகுதியே.

மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் அமைத்த சிங்கன் சிங்கி உரையாடலை அணிகலப் பட்டியலாகவும் காதலர் நகையாடலாகவும் படிப்பதே வழக்கம். உரையாடலின் அமைப்பு அதற்கு மேலும் சொல்கிறது. குறி சொல்லப் போய்ப் பிரிந்திருந்த மனைவி சிங்கியைக் குற்றாலத்தில் கண்ட சிங்கன், அவள் காலில் இருப்பதை விரியன் என்கிறான், நாங்கூழ் என்கிறான், செத்த தவளை, குண்டலப்பூச்சி என்கிறான். பறவை பிடிப்பவன் தனக்குப் பழகிய உயிர்களைக் கொண்டே புதியதைப் படிக்கிறான். சிங்கியின் விடை பொருளின் பெயரோடு நிற்பதில்லை. கொடுத்தவரையோ கிடைத்த நாட்டையோ சேர்த்தே சொல்கிறாள்: சேலத்து நாட்டுச் சிலம்பு, கோலத்து நாட்டார் தந்த தண்டை, பாண்டியன் மகள் இட்ட பாடகம், குற்றாலர் சந்நிதிப் பெண்களின் கெச்சம், கண்டி நாட்டுக் காலாழி. சிலம்பும் பாடகமும் குறி சொன்னதற்குக் கிடைத்த கூலி என்பதையும் அவள் மறைக்கவில்லை. கேட்பவர் விரும்பும் செய்தியைச் சொல்லி ஊதியம் பெறும் தொழில் அவளுடையது. ஊடகப் பொருளியலுக்கு இதைவிடத் தெளிவான தொடக்கப் பாடம் மேல்நிலை நூல்களில் வேறில்லை என்பேன்.

இன்னொன்றும் உண்டு. காலில் கிடப்பது சிலம்பு என்பதைச் சிங்கன் குனிந்து பார்த்தே அறியலாம். அது சேலத்தில் கிடைத்ததா என்பதற்கு அவள் சொல்லே சான்று. ஐந்து அணிகளுள் கெச்சம் ஒன்றின் வரலாற்றை மட்டுமே அவன் உள்ளூரிலேயே விசாரித்து அறிய முடியும். கண்டிக்கு அவன் போகப் போவதில்லை. இந்த வரிசையைக் கவிராயர் எண்ணித்தான் அமைத்தார் என்று நிறுவச் சான்றில்லை. பாடநூற்குழு இதைக் கருதியிருக்கும் என்றும் நான் சொல்லவில்லை. வகுப்பறைக்குப் பனுவல் இடம் தருகிறது, அதுவே போதும்.

பழம்பனுவலில் இக்காலக் கருத்தை ஏற்றுவது முறையா என்பர். மதுரை நாயக்கர் விசயரங்க சொக்கநாதர் (1706–1732) இந்நூலுக்காக நிலக்கொடை தந்தார் என்பது மரபு. புரவலரும் கூலியும் அக்காலத்திற்குப் புதியவை அல்ல. கேமராவும் படத்தொகுப்பறையும் இன்றி என்ன ஊடகக் கல்வி என்ற கேள்வி தொழிற்பயிற்சியைப் பற்றியது. இங்கு அதற்கு விடை வேண்டியதில்லை.

மேலகரத்துப் பள்ளியிலும் இப்பகுதியை ஊர்ப்பெருமையாக மட்டும் கற்பித்தால் போதாது. அணிகலப் பெயர்களைப் பொருத்தச் சொல்லும் வினாவோடு இதையும் கேட்கலாம்: சிங்கியின் விடைகளில் சிங்கன் தானே சரிபார்க்கக் கூடியவை எவை, அவளை நம்பியே ஏற்க வேண்டியவை எவை?